வடக்கே போகிற வேர்க்கடலைக் கொல்லை

ஒரகடத்துத் தசரதனுக்கு இந்தியாவின் மேல் நம்பிக்கை வந்தது 1991 அக்டோபரில். அதற்கு முன்பும் அவர் தவறாமல் ஓட்டுப் போட்டிருக்கிறார், சுதந்திர தினத்தன்று கொடுத்த மிட்டாயைச் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் நாடு தனக்காக ஏதோ செய்துகொண்டிருக்கிறது, அதுவும் லீவு போடாமல், மனுக் கொடுக்காமலே செய்துகொண்டிருக்கிறது என்று அவர் நம்பியது அப்போதுதான். நாடு செய்த காரியம் இது: அவருடைய அரை ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லையைத் தூக்கிக்கொண்டு வடக்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

தசரதன் பொய் சொல்கிறவர் இல்லை. அவருடைய சிக்கலே வேறு. அவர் காதில் விழுவது உண்மையாகத்தான் இருக்கும். அது கையில் வந்து சேரும்போது வேறொன்றாகியிருக்கும். வெளிச்சம் இருந்தால் கோழி அதிகமாக முட்டையிடும் என்று ஒருமுறை ரேடியோவில் சொன்னார்கள். சரியான தகவல். தசரதன் ஓலைக் கூண்டுக்குள் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டார். கோழிகள் தப்பித்தன, கூண்டு தப்பவில்லை. சாம்பலைப் பார்த்துக்கொண்டே, "விஷயம் கரெக்டு. கோழிக்குத்தான் பிரியல" என்றார்.

அந்த வருஷம் டெல்லியில் தொழிலுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அதில் காற்று வந்ததோ இல்லையோ, ஒரகடத்துக்கு ஒரு ஸ்க்ரூ கம்பெனி வந்துவிட்டது. தசரதன் கொல்லைக்கு வடக்கே இருந்த நிலங்களையெல்லாம் வாங்கி, ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டு, முதல் ஷெட்டையும் எழுப்பிவிட்டார்கள். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை என்று வாக்குக் கொடுத்து, சொன்னபடி கொடுக்கவும் செய்தார்கள். தசரதனின் பெரியப்பா மகன் பாண்டுரங்கன் நிலம் கொடுத்தார். அவர் மகன் நீலச் சட்டை போட்டுக்கொண்டான். ஊரில் அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போடுகிற கொடியே தனியாக நீண்டது. கம்பெனி பஸ் தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக வந்து வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். அதில் ஏறுகிறவன் ஒரு ஜாதி, ஏறாதவன் ஒரு ஜாதி என்று ஆகியிருந்தது.

தசரதன் ஏறாத ஜாதி. கம்பெனிக்குத் தேவைப்பட்ட நிலம் அவருடைய வரப்போடு நின்றுபோயிற்று. அவர் கொல்லைக்கும் மஞ்சள் கல்லுக்கும் நடுவில் அந்த வரப்பு மட்டும்தான். அதன் அகலம் ஒரு சாண்.

வரப்பு ஒரு சாண் ஆனதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. எங்கள் பக்கத்தில் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போவதில்லை, மண்வெட்டியோடு போவார்கள். வருஷாவருஷம் விதைப்புக்கு முன்னால் வரப்பின் புல்லைச் செதுக்க வேண்டும். செதுக்கும்போது கை தவறிப் பக்கத்துக்காரன் பக்கத்து மண் ஒரு விரற்கடை தன் பக்கம் விழுந்துவிடும். பாண்டுரங்கனுக்கு வடக்கிலிருந்து கை தவறும், தசரதனுக்குத் தெற்கிலிருந்து கை தவறும். இருவரும் சளைக்காமல் கை தவறியதில், மாட்டுவண்டி போன வரப்பில் பிறகு ஆள் போனான், அப்புறம் ஓணான் போயிற்று.

தசரதனுக்கு வேலை தனக்காகத் தேவையில்லை. அவர் மகள் சண்முகப்ரியா கிண்டியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தாள். படித்தது டிராஃப்ட்ஸ்மேன். ஒரு போல்ட்டைக் கொடுத்தால் மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து என்று மூன்று விதமாக வரைந்து, அளவும் குறித்துவிடுவாள். ஊரில் அப்போது வரைவதற்கு இருந்தது கோலம் ஒன்றுதான். கோலத்தையும் அவள் ஸ்கேல் வைத்துப் போடுகிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். சுங்குவார்சத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தாய்மாமன், பொங்கல் கழித்து அவளைக் கடைக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். மற்றவன் வரைந்ததை நகல் எடுக்கிற வேலை. அதைக் கேட்டதிலிருந்து அவள் பென்சிலை மட்டும் அடிக்கடி சீவிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்குள் கம்பெனியில் ஒரு இடம் கிடைத்தாக வேண்டும். அதுதான் தசரதனின் கவலை.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே இமயமலை அடிவாரத்தில் பூகம்பம் வந்து ஏராளமான பேர் செத்துப்போனார்கள். செய்தி வந்த அன்று சீனிவாசன் டீக்கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மறுநாள் பேப்பரில் காரணம் போட்டிருந்தார்கள். கடைக்காரர் சீனிவாசன்தான் வழக்கம்போல உரக்க வாசித்தார்.

"பூமியோட மேல் ஓடு பெரிய பெரிய துண்டுங்களா கீதாம். இந்தியா ஒரு துண்டு மேல குந்திக்கினு வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் வடக்கால போவுதாம். அங்க ஆசியாவ போயி இடிக்குதாம். இடிச்ச எடந்தான் இமயமலையாம்."

தசரதன் கிளாஸைக் கீழே வைத்தார். "மறுபடி படி."

"எங்க?"

"எந்தப் பக்கம் போவுதுன்னான்?"

"வடக்கால."

தசரதன் எழுந்து அடுப்புக்குப் போனார். பால் சட்டியில் ஆடை படர்ந்திருந்தது. ஸ்பூனை எடுத்து ஆடையை ஒரு ஓரமாகத் தள்ளினார். அது சட்டி விளிம்பில் முட்டி, சுருங்கி, மடிப்பு மடிப்பாக மேலே எழுந்தது.

"பாத்தியா? இமயமல!"

"யோவ், ஸ்பூன எடுய்யா! மலய காட்றேன்னு பால கலக்கினு கீற. எவன் குடிப்பான் அத்த?"

பாலாடை உதாரணம் கிட்டத்தட்ட சரி. ஆனால் பூமியில் ஆடைக்குக் கீழே பால் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரத்தைச் செங்குத்தாகத் தரைக்குள் இறங்கினால், ஏறக்குறைய அங்கேதான் மேலோடு முடியும். அதற்குக் கீழே டெல்லிக்குப் போகிற தூரத்தையும் தாண்டி ஒரே பாறை. கெட்டிப் பாறைதான்; ஆனால் உள்ளிருக்கும் சூட்டில், லட்சக்கணக்கான வருஷங்களில் கணக்குப் பார்த்தால், ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். சூடான பாறை மேலே வரும், ஆறியது கீழே போகும். அந்த மேலோடும் அதற்கடியில் ஒட்டிய கொஞ்சம் பாறையும் சேர்ந்ததுதான் துண்டு. அந்தத் துண்டுகள்தான் நகர்கின்றன. இன்னும் உள்ளே போனால் இரும்பு. முதலில் உருகியது, நட்ட நடுவில் இறுகியது. பூமியின் நடுவில் அவ்வளவு இரும்பு கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் சீனிவாசன், "அங்க கொல்ல வெச்சிருக்கறவனுக்கு ஸ்க்ரூ கம்பெனில எத்தினி வேல குடுப்பான்!" என்று ஆச்சரியப்பட்டார்.

தசரதன் அவ்வளவு ஆழம் போகவில்லை. அவருக்கு மேலே இருக்கிற ஒரு சாண் போதும். டீக்கடை பெஞ்சில் கையை விரித்து வைத்து, வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் என்று விரலால் தாண்டித் தாண்டிப் போனார். நாலரை வருஷத்தில் சாண் தீர்ந்துவிட்டது.

"நாலரை வருசம். என் கொல்ல கம்பெனிக்குள்ள பூடும்" என்றார்.

வீட்டில் மனைவி செங்கமலம் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாலரை வருசம் கழிச்சி உள்ள போறதுக்கு இப்ப எதுக்குய்யா சட்ட மாத்தற?" என்றாள்.

"முன்கூட்டியே சொல்லி வெக்கணும். அப்பறம் கூட்டம் சேந்துடும்."

சண்முகப்ரியா பென்சிலைக் கீழே வைத்தாள். "நைனா, நவுர்றது நம்ம கொல்ல மட்டும் இல்ல…"

"நீ படிச்சது நட்டு போல்ட்டு. இது பூமி. கம்னு இரு."

கம்பெனியின் சைட் ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. அங்கே ஆள் சேர்க்கும் அதிகாரி ஹேமந்த். மெட்ராஸில் வளர்ந்த பையன். எதற்கும் முடியாது என்று சொல்லக் கூடாது, முடியும் என்றும் சொல்லக் கூடாது என்று நிர்வாகவியல் படித்தவன்.

"உட்காருங்க. என்ன விஷயம்?"

"வேல கேட்டு வர்ல சார். ரிசர்வேசன்."

"எதுக்கு?"

"என் கொல்ல நாலரை வருசத்துல உங்க எடத்துக்குள்ள வந்துடும் சார். வந்தா என் பொண்ணுக்கு ஒரு வேல குடுத்துத்தான் ஆவணும், ரூல்ஸு. எப்படியும் குடுக்கப் போற வேல, இப்பவே குடுத்துட்டா புள்ளைக்கு சர்வீஸு கூடும்."

ஹேமந்த் சிரிக்கவில்லை. அதுதான் வினையாயிற்று. நிதானமாக யோசித்து, "உங்க லேண்ட் எங்க லேண்டுக்குள்ள வந்தா அது என்க்ரோச்மென்ட்" என்றான்.

"நான் எங்க சார் வரேன்? இந்தியா இல்ல கொணாந்து வுடுது?"

"யார் கொண்டுவந்து விட்டாலும் என்க்ரோச்மென்ட்தான்."

"அப்ப இந்தியா மேல கேஸ் போடுவியா சார்?"

ஹேமந்த் தான் படித்த படிப்புக்குள் புகுந்துகொண்டான். "பார்க்கலாம்" என்றான். தசரதன் அதைப் பாதி வேலை என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஹேமந்த் அன்று சாயங்காலம் பம்பாய் தலைமை அலுவலகத்துக்கு டிரங்கால் போட்டு, தெற்கு எல்லையில் நிலம் நகர்வதாக ஒருவர் உரிமை கோருகிறார், எதற்கும் சொல்லி வைக்கிறேன் என்றான். பம்பாயில் இருந்தவர்களுக்கு ஒரகடம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது; அது நகரவும் கூடும் என்பதை அவர்கள் உடனே நம்பினார்கள். கண்காணிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

கண்காணிக்க நியமிக்கப்பட்டவர் வாட்ச்மேன் செந்தமிழன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஷெட்டின் தெற்குத் தூணிலிருந்து, வரப்பைத் தாண்டி, தசரதன் கொல்லையில் ஒரு குச்சி அடித்து, இரண்டுக்கும் நடுவில் நூல் கயிற்றை விறைப்பாகக் கட்டினார். கொல்லை நெருங்கி வந்தால் கயிறு தொய்ந்துவிடும், உடனே விசில் ஊதவேண்டும், இதுதான் ஏற்பாடு. தசரதன் ஆட்சேபிக்கவில்லை. அரசாங்கமே சாட்சி வைத்த மாதிரி அவருக்குப் பெருமை.

"நகருதாய்யா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள்.

"உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா நகருத மாதிரிதாம்வே தெரியுது" என்றார் செந்தமிழன். "ஆனா ராத்திரி வீட்டுச் சுவரப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கு."

விஷயம் பரவியது. தசரதன் கொல்லைக்குத் தெற்கே நிலம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் முறை எப்போது என்று விசாரிக்க வந்தார்கள். மீன் விற்கிற லூர்தம்மாளுக்கு ஒரு ஃபர்லாங் தள்ளி ஒரு துண்டு நிலம்.

"எனுக்கு எப்ப வரும்ணா?"

தசரதன் மனக்கணக்குப் போட்டார். "உனுக்கு ஒரு நாலாயிரம் வருசம் ஆவும்மா."

லூர்தம்மாள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "பரவால்ல, நம்ம பேர நெனப்புல வெச்சிக்க. பசங்க எவனாச்சும் இருப்பான் இல்ல?"

சந்தோஷப்படாதவர் பாண்டுரங்கன் ஒருவர்தான். அவர் விஷயத்தை மறுபக்கத்திலிருந்து யோசித்துவிட்டார். ஒருநாள் காலை டீக்கடையில் தசரதனின் சட்டையைப் பிடித்தார்.

"டேய் தசரதா, உன் கொல்ல உள்ள வந்தா என் கொல்ல எங்கடா போவும்?"

"வடக்கால போவும்ணா."

"வடக்கால வேலி கீது."

"வேலியத் தாண்டிப் போவும்."

"அதுக்கப்பால ஏரிடா! கம்பெனிக்குக் குடுத்த நெலம் கம்பெனிய வுட்டு வெளிய பூட்டுதுன்னா எம்புள்ள வேல இன்னாத்துக்கு ஆவறது? ஏரில ஸ்க்ரூ செய்வானா?"

"என்னக் கேட்டா? இந்தியாவக் கேளுண்ணா."

"முப்பது வருசமா வரப்ப செதுக்கி செதுக்கி என்ன தள்ன. பத்தலன்னு இப்ப இந்தியாவ இட்டாந்து தள்றியா?"

சீனிவாசன் நடுவில் புகுந்து இருவரையும் பிரித்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பாண்டுரங்கன் கொல்லன் பட்டறையில் ஒரு முழ நீளத்துக்கு ஆணிகள் அடித்து வாங்கி வந்து, வரப்போரமாக வரிசையாக இறக்கினார். பூமியை அதே இடத்தில் நிறுத்தி வைக்கிற ஏற்பாடு. மேலோடு காஞ்சிபுரம் தூரத்துக்குத் தடிமன் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீளமான ஆணியாகச் செய்யச் சொல்லியிருப்பார்.

நவம்பரில் மழை பிடித்தது. விடாமல் கொட்டி, ஒரு காலையில் வெறித்தபோது செந்தமிழனின் விசில் ஊர் முழுக்கக் கேட்டது. போய்ப் பார்த்தால் கயிறு தொய்ந்திருக்கவில்லை. ஆனால் குச்சி ஈர மண்ணைக் கிழித்துக்கொண்டு நாலு விரற்கடை வடக்கே வந்து சாய்ந்து நின்றது.

"ஒன்றர வருச தூரம் ஒரே நாள்ல வந்திருச்சு!" என்று செந்தமிழன் கத்தினார். கணக்குப் போடவும் கற்றுக்கொண்டிருந்தார்.

தசரதன் வரப்பின் தென்புறத்தில் கும்பிட்டபடி நின்றார். பாண்டுரங்கன் வடபுறத்தில் ஆணி அடிக்கிற சம்மட்டியோடு நின்றார். ஹேமந்த் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்தான். அவன் முகத்தில், பம்பாய்க்கு எதைச் சொல்வது என்கிற கவலை.

"சார், இனிமே இன்னா சார் பேச்சு? ஆர்டர குடு" என்றார் தசரதன்.

சண்முகப்ரியா அம்மாவோடு வந்து சேர்ந்தாள். கையில் ஐ.டி.ஐ. ஸ்டீல் ஸ்கேல். யாரிடமும் எதுவும் கேட்காமல் கயிற்றைப் பிடித்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது.

"நூல் கயிறு. நனஞ்சா சுருங்கும். சுருங்கி குச்சிய இழுத்துக்கினு வந்திருக்கு."

"ஆமாடீ" என்றாள் கூட்டத்திலிருந்து லூர்தம்மாள். "கவுத்துக் கட்டிலு தொய்ஞ்சி போனா தண்ணி தெளிச்சித்தான நாம இறுக்கறோம்?"

சண்முகப்ரியா மஞ்சள் கல்லிலிருந்து தசரதன் கொல்லை ஓரம் வரை ஸ்கேலை வைத்தாள். மழையில் வரப்பு கொஞ்சம் பிசுபிசுத்திருந்தது. "ஒரு சாண்தான் இருக்கு. அப்பிடியேதான் இருக்கு."

தசரதன் அசரவில்லை. "கவுறு தப்பு. ஒத்துக்கறேன். இந்தியா கரெக்டு. பேப்பர்ல போட்டிருக்கான். நவுருதா, இல்லியா?"

"நவுருது நைனா."

"கேட்டியா சார்? படிச்ச பொண்ணு சொல்லுது."

"நைனா, கம்பெனியும் நவுருது."

எல்லோரும் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டில் கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டு நின்றிருந்தது. சண்முகப்ரியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஹேமந்திடம் திரும்பினாள்.

"சார், பஸ்ஸ படப்பை வரைக்கும் ஒரு வாட்டி போயிட்டு வரச் சொல்ல முடியுமா?"

ஹேமந்த் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஷெட்டுக்குள் தண்ணீர் நின்று வேலை நடக்காத நாள். பம்பாய்க்குச் சொல்ல ஏதாவது நடந்தால் தேவலை என்று சரி சொன்னான்.

அப்படித்தான் ஒரகடத்து வரலாற்றில் முதல் முறையாகத் தசரதன் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் பாண்டுரங்கனை ஜன்னல் ஓரமும் தசரதனை இந்தப் பக்கமும் உட்காரவைத்தாள் மகள். இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம். ஸ்கேல் வைத்து அளந்தாள். பின்சீட்டுகளில் ஹேமந்த், செந்தமிழன், சீனிவாசன், மீன் கூடையோடு லூர்தம்மாள். கூடை ஏறியதும் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார்கள்.

"நைனா கொல்ல நீ. கம்பெனி நெலம் பெரியப்பா. பஸ்ஸு இந்தியா" என்றாள் சண்முகப்ரியா. "போலாம் ரைட்."

பஸ் போனது. தசரதன் நேராகப் பார்த்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தார். தான் நகர்ந்து பெரியப்பா மகன் மேல் ஏறிவிடுவோம் என்ற நம்பிக்கை முகத்தில் தெரிந்தது. வழியில் மரங்கள் போயின, பிளாட் போட்ட காலி மனைகள் போயின. படப்பை வந்தது. மகள் அளந்தாள். ஒரு சாண்.

"இன்னும் தூரம் போனா?" என்று கேட்டார் தசரதன்.

"தாம்பரம் போனாலும் ஒரு சாண். டெல்லி போனாலும் ஒரு சாண். பஸ்ஸு வடக்கால போவுதுன்னு உள்ள குந்திக்கினு கீறவன் பக்கத்து சீட்டுக்காரன் மடில ஏறுவானா நைனா?"

திரும்பும் வழியில் ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. டிரைவர் இடதுபக்கம் ஒடித்ததில் பஸ்ஸின் இரண்டு டயர்கள் மண்ணில் இறங்கி, லாரியின் விலா பஸ்ஸின் விலாவைத் தேய்த்துக்கொண்டு நின்றது. இரண்டு டிரைவர்களும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதித்தார்கள். வண்டிகள் அசையவில்லை, தகரம் மட்டும் முனகியது. பிறகு ஒரே உலுக்கலில் விடுபட்டன. உள்ளே எல்லோரும் குலுங்கினார்கள். முன்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டது. லூர்தம்மாளின் மீன்கள் ஹேமந்தின் மடிக்கு வந்தன.

"அதான் பூகம்பம்" என்றாள் சண்முகப்ரியா, கம்பியைப் பிடித்தபடி. "ரெண்டு துண்டும் உரசற எடத்துல மாட்டிக்கும். தள்ற வேகம் நிக்காது. தாங்கற வரிக்கும் தாங்கிட்டு ஒரே அடியா நழுவும். அந்த ஓரம் இமயமலைகிட்ட கீது. நாம பஸ்ஸு நடுவுல குந்தினு கீறோம்."

"என் மேல ஏன்டா சாய்ஞ்ச?" என்று பாண்டுரங்கன் தசரதனைக் கேட்டார்.

"நான் எங்க சாய்ஞ்சேன்? நீ தான் ஜன்னல வுட்டுட்டு வந்த."

மகள் மறுபடி அளந்தாள். இருவரும் அவரவர் இடத்துக்கு ஒழுங்காகத் திரும்பிய பிறகு ஒரு சாண்தான்.

பஸ் வாசலில் நின்றது. பாண்டுரங்கன் முதலில் இறங்கினார். தன் நிலம் ஏரிக்குப் போகாது என்று உறுதியாகிவிட்ட மகிழ்ச்சியில் தம்பி மகளின் தலையைத் தடவினார். ஹேமந்தும் மற்றவர்களும் இறங்கிப் போனார்கள். தசரதன் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நாலரை வருசத்துல…"

"எத்தினி வருசம் ஆனாலும் ஒரு சாண்தான் நைனா."

அவர் முன்சீட்டின் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "உனுக்குத் தெரியும். முன்னியே தெரியும். இன்னிக்கி குச்சி நவுந்துச்சின்னு எல்லாம் நம்பிக்கினு இருந்தாங்க. ஆபீசரே ஆடிப்பூட்டான். நீ கம்முனு இருந்திருந்தா ஆர்டர் குடுத்திருப்பான். எதுக்கும்மா வாய தொறந்த?"

"தப்பா அளந்துட்டு எப்பிடி நைனா சும்மா இருக்கறது?"

"ஜெராக்ஸ் கடைக்குப் போவியா?"

அவள் ஸ்கேலில் ஒட்டிய சேற்றைப் பாவாடையில் துடைத்தாள். "போறேன்."

தசரதன் இறங்கி நடந்தார். கோழிக்குப் புரியவில்லை என்று சொன்ன மனுஷன் இந்த முறை யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டில் அன்று செங்கமலம் உப்புப் போடாமல் குழம்பு வைத்ததையும் யாரும் கவனிக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பம்பாய் என்று ஒன்று இருக்கிறதே. பூமியின் துண்டுகளைப் போலத்தான் தலைமை அலுவலகமும்: மெதுவாக நகரும், நகர ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஹேமந்த் அக்டோபரில் போட்ட டிரங்கால் மேஜை மேஜையாக ஊர்ந்து டிசம்பரில் பலன் கொடுத்தது. தெற்கு எல்லையைக் கண்காணிக்க ஒரு நிரந்தரப் பணியிடம் அனுமதிக்கப்பட்டது. மாதாமாதம் அளந்து, படம் வரைந்து அனுப்ப வேண்டும்.

நிலம் நகரவில்லை, கயிறுதான் நனைந்தது என்று ஹேமந்த் சொல்லலாம். ஆனால் கேட்டு வாங்கிய பணியிடத்தைத் திருப்பிக் கொடுத்த அதிகாரிக்கு அதற்கப்புறம் பணியிடம் கிடைத்ததாக வரலாறு இல்லை. அவன் செந்தமிழனைக் கூப்பிட்டான். செந்தமிழன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னய விட்டுருங்க சார். எதப் பாத்தாலும் நகருது. நேத்து எம் பொஞ்சாதி நகருதா."

"உங்க மனைவி நடந்திருப்பாங்க."

"இருக்கும் சார். ஆனா எனக்கு உறுதியாச் சொல்ல முடியலயே."

பம்பாயின் நிபந்தனைகள் வேறு இருந்தன. உள்ளூர் ஆளாக இருக்க வேண்டும். அளக்கவும் வரையவும் தெரிய வேண்டும். பாரபட்சம் கூடாது என்பதால், கம்பெனிக்கு நிலம் விற்ற குடும்பமாக இருக்கக் கூடாது. நீலச் சட்டைக் கொடிகள் எல்லாம் ஒரே வரியில் அடிபட்டுப் போயின. ஒரு சாணில் கம்பெனியைத் தவறவிட்ட குடும்பத்தில், மூன்று பக்கத்திலிருந்தும் வரையத் தெரிந்த ஒருத்தி இருந்தாள்.

ஹேமந்தே வீட்டுக்கு வந்தான். செங்கமலம் அவனுக்கு வறுத்த கடலை கொடுத்தாள்.

"சார், நிலம் நவுருதுன்னு கேட்டவரோட பொண்ணு நானு. பரவாயில்லயா?" என்று சண்முகப்ரியா கேட்டாள்.

"அதான் வேணும். அவர் பொண்ணே நகரலன்னு கையெழுத்துப் போட்டா பம்பாய்க்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

தசரதன் கதவோரமாக நின்று, இந்த நியாயத்தை இரண்டு முறை மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

பொங்கலுக்கு முன்பே சண்முகப்ரியா நீலச் சட்டை போட்டுக்கொண்டாள். காலையில் வரப்புக்குப் போய் அளப்பாள்; ஷெட்டுக்கு வந்து வரைவாள்; மீதி நேரத்தில் ஸ்க்ரூவுக்கும் வரையச் சொல்லிவிட்டார்கள். தசரதனுக்குத்தான் வேலை கூடிவிட்டது. ஆடு வரப்பில் ஏறினால் ஓடி விரட்டினார். மழை வந்தால் வரப்பின் மேல் தார்ப்பாய் போர்த்தினார். பாண்டுரங்கன் பழக்க தோஷத்தில் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் வந்தபோது, "அண்ணா, கால்ல உழுவுறேன், ஒரு பிடி மண்ண தொட்டுடாத, புள்ள வேல" என்று குறுக்கே படுத்தார். ஒரு சாண் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

மகள் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"நவுந்துச்சா?"

"இல்ல நைனா. அப்பிடியே கீது."

"ஒரு துளி கூடவா?"

அவளுக்குப் பொய் வராது. முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வரப்பு நவுரல. ஆனா கொல்ல, கம்பெனி, நம்ம வூடு, எல்லாம் சேந்து தெனமும் ஒரு மயிரிழ வடக்கால போய்க்கினுதான் கீது."

தசரதன் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அத்த ஆபீஸ்ல சொல்லாதம்மா" என்றார்.